ஏழுக்கு அவர் மொழியில் சேதம்

மிலுதின் ஸ்தோயகோவிச் என்ற பெயரைக்
கொழிஞ்சாம்பாறை லாட்ஜ் பேரேட்டில்
'மில்லு துரை' என்று எழுதிக்கொண்டான் சுல்ஃபி.
வயது அறுபத்தெட்டு. ஊர் நீஷ். நாடு செர்பியா. தொழில் நடிப்பு.
வந்த காரணம் என்ற கட்டத்தில்: முட்டி.

முட்டி தேய்ந்தது செத்துச் செத்து.
யுத்தப் படங்களில் ஜெர்மன் சிப்பாயாக
நாற்பத்தொரு தரம் சுடப்பட்டிருக்கிறார்,
பனியில், பாலத்தில், ஒருமுறை கோழிக்கூண்டின் மேல்.
'முட்டி முதலில் விழணும், அப்புறம்தான் முகம்'
என்று கள்ளுக்கடைத் தரையில் செய்தே காட்டினார்.
கொல்லங்கோட்டு வைத்தியர் தலையிலடித்துக்கொண்டார்.
உழிச்சல் தொடங்கி அன்று பதினெட்டாம் நாள்.

பிறகு டெலிவிஷன்.
பன்னிரண்டு வருஷம் ஒரே தொடரில் கிராமத்து டாக்டர்.
சந்தையில் ஆட்கள் வழிமறித்து நாக்கை நீட்டுவார்களாம்.
ஒரு குளிர்காலம் சம்பளம் வரவில்லை,
அடுத்ததில் வந்தது, ஒரு ரொட்டிக்குக் காணாமல்.
தொடரில் மட்டும்
எல்லோருக்கும் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

'வீடு மாறவேயில்லை, பாஸ்போர்ட் மூன்று' என்றார்.
நான் சிரிக்கவில்லை.
அப்பா பிறந்தது கொச்சி ராஜ்ஜியம்,
அக்கா திருக்கொச்சி,
நான் கேரளம்.
கிணறு ஒன்றுதான்.

அந்த வாரம் சீரியல்காரர்கள் வந்து இறங்கினார்கள்.
கலெக்டர் துரைக்கு வெள்ளைத் தோல் வேண்டும்,
பம்பாயிலிருந்து வரவேண்டியவன் வரவில்லை.
தைல நெடியோடு இவர் தலையில் தொப்பியைக் கவிழ்த்தார்கள்.
தமிழ் தெரியாதா, பரவாயில்லை,
ஒன்று இரண்டு எண்ணினால் போதும்,
மிச்சத்தைக் கிட்டுச்சாமி பார்த்துக்கொள்வான்.

கிட்டுச்சாமி நான்தான். வாய் வாடகைக்கு.
மலையாளப் படத்தில் லாரி ஓட்டும் பாண்டிக்கும்
தமிழ்ப் படத்தில் டீ ஆற்றும் சேட்டனுக்கும்
இதே தொண்டை.

யேதன், த்வா, த்ரி என்பார் மில்லு துரை.
'இவனைக் கட்டி வையுங்கள்' என்பேன்.
செத்திரி, பெத், ஷெஸ்த்.
'வரி கட்டாத ஊருக்குத் தண்ணீர் எதற்கு?'
ஏழுக்கு அவர் மொழியில் சேதம்.
உதடு மூடி முடியும் நல்ல சொல்,
அதன்மேல் எதை வைத்தாலும் உட்காரும்:
வேண்டாம், போகலாம், கொல்லலாம்.

கடைசி நாள் துரை சாகும் காட்சி.
மூலத்தரை மதகடியில் விழுந்தார், முட்டி முதலில்.
நாற்பத்திரண்டு.
ஆனால் உதடு நிற்கவில்லை, அசைந்துகொண்டே இருந்தது.
முப்பதைத் தாண்டி எண்ணுகிறார் மனுஷன் என்று நினைத்தேன்.
'மன்னிப்புக் கேட்கட்டும்' என்றார் டைரக்டர்.
கேட்டேன், மூச்சு விட்டு விட்டு, நன்றாகவே.
பொள்ளாச்சிப் பக்கம் நிறைய வீடுகளில் அழுதார்களாம்.

மூன்று வருஷம் கழித்து மகள் தான்யெலா எழுதினாள்.
அப்பா மார்ச்சில் போய்விட்டார்.
அந்தக் காட்சியைப் பார்த்தேன்.
யாரோ ஒருவர் அழகாகப் பேசுகிறார்.
அப்பா பேசியது எங்காவது இருக்கிறதா?

இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில்,
காற்று, ஜெனரேட்டர், ஒரு மயில்,
இவற்றுக்குக் கீழே எங்கோ அவர்.
அனுப்பிவைத்தேன்.

பதில் வர நான்கு நாள்.
எண்கள் இல்லையாம்.
வீட்டிலிருந்து நாடகக் கொட்டகை வரைக்கும்
டவுன் பஸ் நிற்கும் இடங்களாம், வரிசை பிசகாமல்.
நடுவில் ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொல்கிறார்,
ஏனென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.
எனக்கும் தெரியவில்லை.

நேற்றுப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம்.
நாட்டுக்கல், வண்ணாமடை, கோபாலபுரம்.
செக்போஸ்ட்டில் நிறுத்திக் கோழிக்கூடைகளைக் குத்திப் பார்த்தார்கள்.
சத்தம் வராமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன் போல.
பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார்:
'என்னமோ சொன்னீங்களே?'

ஒண்ணுமில்லைங்க,
சும்மா எண்ணிட்டிருந்தேன்.